28 வரிசை, ஒரு மருந்துப் பை: சந்தக்ஃபு பயணம், ஒரு நிகழ்வு ஆய்வு

போன நவம்பர் கடைசி வாரம் ஒன்பது பேர் இமயமலையில் இருக்கும் சந்தக்ஃபு போய் வந்தோம். எல்லோரும் நல்லபடியாகத் திரும்பிவிட்டார்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் 3,000 மீட்டருக்கு மேல் மூன்று இரவு, கையில் இருந்திருக்க வேண்டிய மருந்துப் பை இல்லாமல் இருந்தோம். அது தொலையவில்லை, திருடு போகவில்லை. கோவையில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பத்திரமாக இருந்தது. யார் எதைச் சுமப்பது என்று இணையத்தில் வைத்திருந்த எங்கள் பகிர்வு ஷீட்டில் அதற்கு நேரே "பையில் வைத்தாச்சு" என்று டிக் இருந்தது. அந்த டிக்கைப் போட்டது நான். இது எப்படி நடந்தது, மலையில் என்ன முடிவெடுத்தோம், ஏன் எடுத்தோம், இப்போது எதை மாற்றியிருக்கிறோம் என்பதை எழுதி வைக்கிறேன். பெயர்களை விட்டுவிடுகிறேன்.

பின்னணி

குழுவில் கோவையிலிருந்து நான்கு பேர், சென்னையிலிருந்து மூன்று பேர், பெங்களூரிலிருந்து இரண்டு பேர். வயது 24 முதல் 58 வரை. ஒருங்கிணைப்பு என்னுடையது. மருந்துப் பொறுப்பு கோவையில் மருந்துக்கடை நடத்தும் ஒரு பெண்ணுடையது. எங்களில் பாதிப் பேருக்கு அவர் அக்கா, இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

நாங்கள் புதியவர்கள் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் நான்கைந்து ஆண்டுகளாகச் சேர்ந்து நடக்கிறோம், 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு திட்டம் தொடங்கி 40 பாதைகள் திறந்த பிறகு அதிலும் சில போனோம். ஆனால் அவையெல்லாம் காலையில் ஏறி மாலையில் இறங்கும் நடை. ஏதாவது மறந்தால் அடுத்தவரிடம் வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் சாயங்காலம் வரை பொறுத்துக்கொள்ளலாம். பொருளை யார் எடுத்து வருவது என்ற கேள்வி எங்களுக்கு ஒருபோதும் பெரிய கேள்வியாக இருந்ததில்லை. இந்தப் பழக்கத்தோடுதான் இமயமலைக்குப் போனோம்.

சந்தக்ஃபு 3,636 மீட்டர், மேற்கு வங்கத்தின் உயரமான இடம். நேபாள எல்லையை ஒட்டிய சிங்கலிலா மலைமுகட்டில் இருக்கிறது. மானேபஞ்சனில் தொடங்கி தும்லிங், காளிபோக்ரி வழியாக ஏறுவது வழக்கம். வழிகாட்டி கட்டாயம். இரவு தங்க விடுதிகள் உண்டு, சாப்பாடும் கிடைக்கும், அதனால் கூடாரமும் அடுப்பும் சுமக்க வேண்டியதில்லை. ஜீப் போகும் கரடுமுரடான சாலையும் கிட்டத்தட்ட பாதையை ஒட்டியே போகிறது. கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அந்தச் சாலைதான்.

திட்டம்: முதல் இரவு மானேபஞ்சன், பிறகு தும்லிங், காளிபோக்ரி, சந்தக்ஃபு, ஃபாலுட், கோர்க்கே, ஸ்ரீகோலா.

ஷீட் எப்படி இருந்தது

இரண்டு மாதம் முன்பே ஒரு பகிர்வு ஷீட் திறந்தேன். மூன்று தாள்கள். முதலாவது தனிப் பொருட்கள், 43 வரிசை: உள்ளாடை அடுக்கு, ஃப்ளீஸ், மழைக்கோட்டு, கையுறை, ஹெட்லேம்ப், தண்ணீர்ப் புட்டி இப்படி. இரண்டாவது பொதுப் பொருட்கள், 28 வரிசை: மருந்துப் பை, ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி), குளோரின் மாத்திரை, பவர் பேங்க், நைலான் கயிறு, உபரிக் கையுறை, ஊசி நூல், ஒட்டு டேப் வகையறா. மூன்றாவது தாளில் ஒவ்வொருவரின் இரத்தப் பிரிவு, ஒவ்வாமை, தினசரி எடுக்கும் மருந்து, வீட்டு எண்.

பொதுத் தாளில் ஆறு பத்திகள்: பொருள், வகை, எடை, யார், வாங்கியாச்சு, பையில் வைத்தாச்சு. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே அவர் சுமக்கும் பொது எடை தானாகவே கூட்டி வரும். எல்லோருக்கும் திருத்தும் உரிமை கொடுத்திருந்தேன். நாலு பேரும் நிரப்பினால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன், முடியவும் செய்தது.

எடைதான் முதலில் உதைத்தது. முதுகுப்பை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது நடப்பவர்கள் மத்தியில் பொதுவாகச் சொல்லும் அளவு. அக்கா 51 கிலோ, அவருக்கு 10 கிலோ சொச்சம் வரலாம். ஷீட் அவருக்கு 8.9 என்று காட்டியது. கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது வீட்டில் லக்கேஜ் தராசில் தூக்கிப் பார்த்தால் 12.4. வித்தியாசம் எங்கே என்று தேடினோம். பையின் சொந்த எடை 1.6 கிலோ, அதை யாருமே எழுதவில்லை. தண்ணீர் ஒன்றரை லிட்டர், அது ஒன்றரை கிலோ. மீதி 400 கிராம், பொருள் விற்கும் பக்கத்தில் போட்டிருந்த எடையை அப்படியே நம்பி எழுதியதால் வந்தது.

அக்கா வாட்ஸாப் குழுவில் எழுதினார்: "எனக்குக் கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க தம்பி." நான் "பார்க்கறேன்க்கா" என்று பதில் போட்டேன். பார்க்கத்தான் நினைத்தேன், ஆனால் அந்த வாரம் பயணச்சீட்டு வேலையில் அது தள்ளிப் போனது. இந்த இரண்டு வரிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம்

ஒன்பது நாள் முன்பு பொதுத் தாளை அச்சுக்கு ஏற்ற வடிவில் ஒருமுறை குழுவில் போட்டேன். போனில் பார்ப்பது கஷ்டம் என்று மூன்று பேர் அதை அச்செடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் கோவை இளைஞர், எங்களில் இளையவர், இனி அவரைத் தம்பி என்றே சொல்கிறேன். அதன் பிறகு அவர் ஷீட்டைத் திறக்கவே இல்லை, காகிதம் கையில் இருக்கும்போது ஏன் திறக்க வேண்டும்?

ஆறு நாள் முன்பு, இரவு பதினொன்றரை மணிக்கு மேல், பெங்களூர் நண்பர் ஒருவர் தன் பெயருக்கு எத்தனை பொருள் இருக்கிறது என்று பார்க்க விரும்பினார். பெயர்கள் கலந்து கிடந்ததால் "யார்" பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்தினார். தாள் முழுவதும் சேர்ந்து நகரவில்லை, அந்த ஒரு பத்தி மட்டும் நகர்ந்தது. 28 பெயர்களும் மேலிருந்து கீழாக அழகாக அடுக்கப்பட்டன, ஆனால் பக்கத்தில் இருந்த பொருட்கள் இருந்த இடத்திலேயே நின்றன. அவர் தன் பெயர் மூன்று முறை வருவதைப் பார்த்துவிட்டு மூடிவிட்டார்.

வேலையே செய்யாத ஷீட் என்றால் உடனே தெரிந்திருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பொருள், ஒரு பெயர், ஒரு டிக். பார்த்தால் சந்தேகமே வராது. மருந்துப் பைக்கு நேரே அக்கா பெயர் போய் அந்தக் கோவை இளைஞரின் பெயர் வந்துவிட்டது. "வாங்கியாச்சு" டிக் மட்டும் பொருளோடு அப்படியே நின்றது.

அக்கா இரண்டு நாள் கழித்து திறந்து பார்க்கிறார். மருந்துப் பை தம்பி பெயரில் இருக்கிறது. எடையைக் குறைக்கச் சொன்னோம், குறைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். நியாயமான நினைப்புதான், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். பையை முழுதாக அடுக்கி, கிளம்பும் காலையில் தம்பி வந்து எடுத்துக்கொள்வார் என்று மேசை மேல் வைத்தார். தம்பியின் அச்சுக் காகிதத்தில் அந்தப் பை அக்கா பெயரில் இருக்கிறது. அவருக்கு அது தெரியவே தெரியாது.

கிளம்பும் முந்தைய இரவு ஒன்பது மணிக்கு எல்லா டிக்கும் முடிந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஒரே ஒரு வரிசை பாக்கி. குழுவில் கேட்டேன்: "மருந்துப் பை?" அக்கா பதில்: "எல்லாம் ரெடியா இருக்கு." நான் டிக் போட்டேன். 28-க்கு 28. நிம்மதியாகத் தூங்கினேன்.

கோவை நால்வரும் இரண்டு வண்டியில் விமான நிலையம் போனார்கள். அக்கா ஒரு வண்டி, தம்பி இன்னொன்று.

சேர்ந்த இடம்

மூன்று ஊரிலிருந்தும் பாக்டோக்ரா விமான நிலையத்தில் மதியம் சேர்ந்தோம். ஒன்பது பையும் ஒரே இடத்தில் வந்தது அப்போதுதான் முதல் முறை. சிலிகுரி பக்கத்திலேயே இருக்கிறது, பெரிய ஊர், மருந்துக்கடைக்கும் மலையேறும் சாமான் விற்கும் கடைக்கும் குறைவில்லை. நாங்கள் ஜீப்பில் பைகளை மேலே கட்டி, மிரிக், சுக்கியாபோக்ரி வழியாக நேரே மானேபஞ்சன் போய்விட்டோம். இருட்டுவதற்குள் சேர வேண்டும் என்பது காரணம். அரை மணி நேரம் நின்றிருந்தாலும் இருட்டுவதற்குள் சேர்ந்திருக்கலாம், இப்போது கணக்குப் போட்டால் தெரிகிறது.

தும்லிங், முதல் நாள் மாலை

மானேபஞ்சனிலிருந்து சித்ரே வழியாக தும்லிங் 11 கிலோமீட்டர் போல, தொடக்கமே செங்குத்து. மாலை நான்கு மணிக்கு விடுதி சேர்ந்ததும் சென்னைப் பெண் ஒருவர் காலணியைக் கழற்றினார், குதிகாலில் ரூபாய் நாணயம் அளவு கொப்புளம், உடைந்திருந்தது. "அக்கா, பிளாஸ்டர் கொடுங்க." அக்கா தம்பியைப் பார்த்தார். தம்பி அக்காவைப் பார்த்தார்.

அடுத்த பத்து நிமிடத்தில் எல்லாப் பைகளையும் விடுதிக் கூடத்தில் தரையில் கொட்டினோம். கொட்டிய பிறகுதான் முழு விவரம் தெரிந்தது. அச்சுக் காகிதத்தைப் பார்த்து அடுக்கிய மூன்று பேரும் பழைய பட்டியல்படி சரியாகக் கொண்டு வந்திருந்தார்கள். போனைப் பார்த்து அடுக்கிய ஆறு பேரும் புதிய பட்டியல்படி சரியாகக் கொண்டு வந்திருந்தார்கள். இரண்டும் கலந்ததில் ஏழு பொருட்கள் யாரிடமும் இல்லை, ஆறு பொருட்கள் இரண்டு மடங்கு. குளோரின் மாத்திரை, கயிறு, சன்ஸ்கிரீன், பவர் பேங்க் எல்லாம் இரட்டிப்பாக இருந்தன. மருந்துப் பை, அதற்குள் இருந்த ஆக்சிமீட்டர், உபரிக் கையுறை, ஹெட்லேம்ப் பேட்டரி, தையல் சாமான், ஒட்டு டேப், உலர்பழப் பை இல்லை.

ஷீட்டைத் திறந்து பார்க்கலாம் என்றால் பெரும்பாலானோர் போனில் சிக்னல் இல்லை. இணையம் இல்லாமல் பார்க்கும்படி யாரும் சேமிக்கவில்லை. அந்த வசதி இருக்கிறது, கோப்புக்குக் கோப்பு ஒருமுறை இயக்கி வைத்தால் போதும். நான் யாருக்கும் சொல்லவில்லை.

அன்றிரவு மூன்று வழிகளைப் பேசினோம். ஒருவர் காலையில் மானேபஞ்சன் இறங்கி வாங்கி வருவது. வழிகாட்டியிடம் இருந்த சின்னப் பெட்டியை நம்பி அப்படியே போவது. அதில் கட்டுத்துணியும் டெட்டாலும் சில பாராசிட்டமாலும் இருந்தன. மூன்றாவது வழியைச் சொன்னது விடுதிக்காரர்: காலையில் மேலே வரும் ஜீப் ஓட்டுநரிடம் சொல்லி மருந்துக்கடையில் வாங்கி வரச் சொல்லலாம், தன் போனில் சிக்னல் உண்டு. மூன்றாவதையே எடுத்தோம். ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அவர் ஒரு நாள் பின்தங்குவார், அவருக்குத் துணை வேண்டும், வழிகாட்டி ஒருவர்தான். குழு பிரியக்கூடாது என்பது அன்றைக்கு எங்களுக்குள் வைத்துக்கொண்ட முதல் விதி.

அக்கா நினைவிலிருந்து பட்டியல் எழுதினார். மறுநாள் வழியில் கைரிபாஸ் என்ற இடத்தில் ஓட்டுநர் கொடுத்தார்: பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., வாந்திக்கு மாத்திரை, பிளாஸ்டர், கட்டுத்துணி. அசிட்டசோலமைட், அதாவது உயர நோய்க்குத் தடுப்பாகவும் மருந்தாகவும் கொடுக்கும் மாத்திரை, அந்தக் கடையில் இல்லை. ஆக்சிமீட்டரும் இல்லை.

கொப்புளம் பட்ட பெண்ணுக்கு இரண்டு அடுக்கு கட்டுப் போட்டு, அவர் பையிலிருந்து மூன்று கிலோவை மற்றவர்கள் பிரித்து எடுத்துக்கொண்டோம். அது அதோடு முடிந்தது.

காளிபோக்ரி

தும்லிங் சுமார் 2,900 மீட்டர். அங்கிருந்து கைரிபாஸுக்கு இறங்கி மறுபடி ஏறினால் காளிபோக்ரி, 3,100 மீட்டர் போல. கறுப்பான சின்னக் குளம், குளிரிலும் உறையாது என்று அங்கே சொல்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு சென்னை நண்பர் ஒருவருக்கு, வயது 46, தலைவலி. சாப்பாடு வேண்டாம் என்றார். இரவு சரியாகத் தூங்கவில்லை. காலையிலும் தலைவலி இருந்தது, லேசாகக் குமட்டியது.

உயரத்தில் தலைவலியோடு குமட்டல், பசியின்மை, களைப்பு, தலைசுற்றல் இவற்றில் ஏதாவது சேர்ந்தால், வேறு காரணம் நிச்சயமாகத் தெரியும் வரை, உயர நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக்கூடாது. இது அக்கா கிளம்புமுன்பே எங்களுக்கு வகுப்பெடுத்துச் சொன்னது. அன்று ஏற வேண்டியது ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் பிக்கேபஞ்சனுக்குப் பிறகு செங்குத்து, தூங்கும் உயரம் ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடும். 3,000-க்கு மேலே ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே 500 மீட்டர் என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் எல்லை. உடம்பு சரியாக இருப்பவருக்கே எல்லையில் நிற்கும் ஏற்றம் அது.

ஆக்சிமீட்டர் இல்லாதது அப்போது உறுத்தியது. ஆனால் அக்கா சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "விரல் இப்படி ஜில்லுனு இருந்தா அது காட்டற எண்ணையே நம்ப முடியாது தம்பி. ஆளைப் பார்க்கணும்." ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். தள்ளாடாமல் நடந்தார். பேச்சில் குழப்பமில்லை, உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்கவில்லை, இருமல் இல்லை. லேசான நிலை என்று முடிவு செய்தோம்.

அதே விடுதியில் கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு குழு தங்கியிருந்தது. விஷயம் கேள்விப்பட்டு அவர்களாகவே அசிட்டசோலமைட் அட்டை ஒன்றை நீட்டினார்கள். மனசு நிறைந்த உதவி. அக்கா வாங்கினார், ஆனால் கொடுப்பதற்கு முன் நண்பரைக் கேட்டார்: "சல்ஃபா மருந்து ஏதாவது ஒத்துக்காம போயிருக்கா?" அவர் தலையைப் பிடித்துக்கொண்டே, ஏதோ ஒரு ஆன்டிபயாடிக்குக்கு உடம்பெல்லாம் தடித்தது, பெயர் ஞாபகமில்லை, ஷீட்டில் எழுதியிருக்கிறேன் என்றார். ஷீட் திறக்கவில்லை. மூன்றாவது தாளை யாரும் அச்செடுக்கவில்லை. வீட்டுக்குப் போன் போடவும் அந்தக் காலையில் வழியில்லை.

அசிட்டசோலமைட் சல்ஃபா வகையைச் சேர்ந்த வேதிப்பொருள். சல்ஃபா ஆன்டிபயாடிக் ஒத்துக்கொள்ளாத எல்லோருக்கும் இதுவும் ஒத்துக்கொள்ளாது என்று இல்லை, ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கும் இடம் 3,100 மீட்டரில் உள்ள விடுதி இல்லை. அக்கா மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தார். பாராசிட்டமால், சூடான தண்ணீர், ஓய்வு. ஒன்பது பேரும் அன்று காளிபோக்ரியிலேயே இருப்பது, ஃபாலுட்டை விட்டுவிடுவது என்று முடிவு.

ஏழு பேரை மேலே அனுப்பிவிட்டு ஒருவர் துணையிருக்கலாம் என்ற யோசனையும் வந்தது, பயணத்துக்குப் பணம் போட்டவர்கள், லீவு போட்டவர்கள், அந்தக் கேள்வி வருவது இயல்பு. வழிகாட்டி ஒருவர்தான் என்பதால் விட்டோம். கூடவே ஒரு கோடு போட்டுக்கொண்டோம்: வாந்தி நிற்காவிட்டால், நடை தள்ளாடினால், சும்மா இருக்கும்போது மூச்சு வாங்கினால், நேரம் பார்க்காமல் ஜீப்பில் இறங்குவது. அங்கே நின்ற ஒரு வண்டியின் ஓட்டுநரிடம் இரவுக்கும் சேர்த்துப் பேசி வைத்தோம்.

மதியத்துக்கு மேல் அவர் சாப்பிட்டார். மாலை தலைவலி இல்லை. மாத்திரை தேவைப்படாமல் இரவு தூங்கினார்.

சந்தக்ஃபுவும் இறக்கமும்

மறுநாள் மெதுவாக ஏறினோம், அவர் பை காலியாக, அவரே முன்னால் நடந்து வேகத்தை வைத்தார். மதியத்துக்குள் மேலே சேர்ந்தோம். மறுநாள் விடியலில் காஞ்சன்ஜங்கா முழுதாகத் தெரிந்தது, இடது பக்கம் தூரத்தில் மக்காலு, லோட்சே, எவரெஸ்ட். ஒன்பது பேரும் ஒரே வரிசையில் நின்று பார்த்தோம். அந்தக் காலைக்காகத்தான் குழுவைப் பிரிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பிரிக்காததால் அது கிடைத்தது.

இரவு பூஜ்யத்துக்குக் கீழே. குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், போனையும் பவர் பேங்கையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியவர்களுக்குக் காலையில் சார்ஜ் இருந்தது, ஜன்னலோரம் வைத்தவர்களுக்கு இல்லை. உபரிக் கையுறை இல்லாததால் கையுறை நனைந்த ஒருவர் காலுறையைக் கையில் மாட்டி நடந்தார். பிறகு குர்தும் வழியாக ஸ்ரீகோலாவுக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம், முழங்கால் வலியைத் தவிர வேறொன்றுமில்லை.

திரும்பிய பிறகு பார்த்தது

சிக்னல் வந்ததும் முதலில் திறந்தது மூன்றாவது தாள். நண்பர் எழுதியிருந்தது: "சல்ஃபா ஆன்டிபயாடிக், தடிப்பு, முகவீக்கம்." அக்கா அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

அப்புறம் திருத்த வரலாற்றைப் பார்த்தேன். அந்த ஷீட்டில் யார் எப்போது எந்தக் கட்டத்தை மாற்றினார்கள் என்பது முழுதாகப் பதிவாகியிருக்கிறது. 28 பெயர்களும் ஒரே நொடியில் மாறியது அங்கே தெளிவாகத் தெரிகிறது. பெங்களூர் நண்பர் அதைப் பார்த்ததும் தானே போன் செய்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு இடமில்லை. பத்தியைப் பூட்டும் வசதி இருந்தது, நான் பூட்டவில்லை. தனக்கு மட்டும் தெரியும்படி வரிசைப்படுத்தும் பார்வை ஒன்றும் இருக்கிறது, அதை அவருக்கு யாரும் காட்டவில்லை.

எடைக் கட்டமும் அன்றிரவே சொல்லியிருக்கிறது. அக்காவின் பொது எடை ஒரே இரவில் 2.1 கிலோவிலிருந்து 1.3 ஆக இறங்கியிருக்கிறது. நான் மாற்றவில்லை என்பது எனக்குத் தெரியும், அந்த எண்ணை ஒருமுறை பார்த்திருந்தால் கேள்வி வந்திருக்கும். அந்த வாரம் டிக்கை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எனக்கு இதில் மிகவும் கனமாகப் படுவது இதுதான். "பையில் வைத்தாச்சு" என்ற பத்தியில் ஆள் பையைத் திறந்து பார்த்துப் போட்ட டிக்கும், ஆள் நம்பிக்கையில் போட்ட டிக்கும் ஒரே மாதிரி தெரியும். "ரெடியா இருக்கு" என்பதை "என் பையில் இருக்கு" என்று நான் படித்தேன்.

மாற்றியவை

ஷீட்டை விட்டுவிடவில்லை. சிலர் இனிமேல் காகிதம் போதும் என்றார்கள், ஆனால் மூன்று ஊரில் இருக்கும் ஒன்பது பேர் ஒரே கயிற்றை ஒன்பது முறை வாங்காமல் இருக்க ஷீட் தேவை. எடைக்கென்றே இருக்கும் லைட்டர்பேக் போன்ற பக்கத்தையும் முயன்றோம். சுமப்பது, உடுத்தியிருப்பது, தீர்ந்துபோவது என்று பிரித்து எடை காட்டுவதில் அது நன்றாக இருக்கிறது, தனி ஆளுக்கு இன்றும் பரிந்துரைப்பேன். யாரிடம் எது என்ற எங்கள் சிக்கலுக்கு அது பதில் இல்லை.

"யார்" பத்தி இப்போது பூட்டியிருக்கிறது, மாற்ற வேண்டுமானால் என்னிடமோ அக்காவிடமோ கேட்க வேண்டும், மாற்றினால் பழைய ஆள், புதிய ஆள் இரண்டு பேருக்கும் போன். செய்தி இல்லை, போன். கிளம்ப நான்கு நாள் முன்பு ஷீட் உறைந்துவிடும், அன்றைய தேதியைத் தலைப்பில் போட்டு ஒரே பிரதியை எல்லோரும் போனில் இறக்கிக்கொள்கிறார்கள், அதற்கு முந்தைய அச்செல்லாம் கிழித்துப் போட வேண்டும். டிக்கை அந்தப் பொருளைச் சுமப்பவர் மட்டுமே போடலாம். மருந்து, ஆக்சிமீட்டர், பேட்டரி போன்ற எட்டுப் பொருட்களுக்கு மட்டும் பைக்குள் இருக்கும் படம் அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் படம் கேட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

மருந்து இரண்டாகப் பிரிந்துவிட்டது. பிளாஸ்டர், பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். ஒவ்வொருவர் பையிலும் சின்ன உறையில். பெரிய பை அக்காவிடம், அதற்கு ஈடாக அவருடைய வேறு சாமான் மற்றவர்களிடம். உடல்நல விவரம் காகிதத்தில், ஒவ்வொருவர் பையின் மேல் பாக்கெட்டில், நீர்புகாத உறைக்குள். எடை எல்லாம் சமையலறைத் தராசில் நிறுத்த எடை, பையின் எடை முதல் வரிசை.

அப்புறம் தரை. மலையடிவாரத்துக்கு முன்னால் கடைகள் இருக்கும் கடைசி ஊரில், எல்லாப் பையையும் பிரித்து, ஒருவர் ஷீட்டைச் சத்தமாக வாசிக்க, பொருளை வைத்திருப்பவர் கையில் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டாத பொருள் இல்லாத பொருள். பயணத் திட்டத்திலேயே அதற்கு ஒரு மணி நேரம் எழுதியாகிவிட்டது.

ஏப்ரலில் இந்தக் குழுவில் ஐந்து பேர் உத்தராகண்ட் போனார்கள். ரிஷிகேஷ் அறையில் தரையில் பரப்பி வாசித்தபோது நாற்பது நிமிடம் ஆனது. ஹெட்லேம்ப் பேட்டரி என்றதும் யாரும் கையைத் தூக்கவில்லை. ஷீட்டில் டிக் இருந்தது, இந்த முறையும். தம்பி கீழே இறங்கி, தெருமுனைக் கடையில் பன்னிரண்டு வாங்கி வந்தார்.